பூ விடு தூது

பல்லாவரத்துக்காரர்களுக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமே அல்ல. மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருக்கும் அம்மாளின் தலைக்கு மேலே 'ஹோ' என்று இரைந்துகொண்டு ஒன்று போனால், அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. காக்காயை விரட்டுவதிலேயே அவருக்குக் கவனம். மீனம்பாக்கம் விமான நிலையம் அடுத்த வீடு மாதிரி. அடுத்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

ஆனால், பெற்ற பெண் ஒருத்தி அந்த விமானத்தில் ஏறி அக்கரைக்குப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கதையே வேறு. ராத்திரி வேளையில் அந்த இரைச்சல் கேட்டால் அதே அம்மாளின் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. பம்மலிலும், குரோம்பேட்டையிலும், பழைய பல்லாவரத்திலும் இப்படிக் காது கொடுத்துக் கேட்கும் வீடுகள் இன்று எத்தனையோ!

அக்கரையில் இருக்கும் பெண்ணுக்கும் தவிப்பு இல்லாமல் இல்லை. அம்மாவுக்குப் பிறந்த நாள் வருகிறது; அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது; தங்கைக்கு வளைகாப்பு நடக்கிறது. கைபேசித் திரையில் முகத்தைப் பார்த்துப் பேசலாம், வாஸ்தவந்தான். ஆனால், பேசி முடித்ததும் கை காலியாக அல்லவா இருக்கிறது? பணம் அனுப்பலாம், அது பாங்கிக் கணக்கில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். புடவை அனுப்பலாம், "எதுக்கடி இதெல்லாம்? பீரோவிலே இருக்கிறதையே கட்டி மாளவில்லை" என்று அதுவும் பீரோவுக்குள் போய்விடும்.

பூ அப்படி அல்ல. 'இன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டேன்' என்று அது இன்றைக்கே சொல்லிவிடுகிறது. நாளைக்கு வாடிப் போகிறது. எடுத்து வைத்துக்கொள்ள முடியாத பொருள் என்பதாலேயே அதற்கு அவ்வளவு மதிப்பு. தூரத்துக்கு அனுப்புவது கஷ்டமாக இருப்பதும் அதனாலேதான்.

மல்லிகையின் விமானப் பிரயாணம்

பூ விமானம் ஏறுவதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மல்லிகை மொட்டை விடியற்காலையிலேயே பறித்துவிடுகிறார்கள். அது அன்று மாலையில் மலரும். அந்த இடைப்பட்ட பொழுதுதான் வியாபாரிக்குக் கிடைத்த அவகாசம். குளிர்ச்சி பட்டால் மொட்டு மலர்வது தாமதப்படும். ஆகையால் குளிர்ச்சி போகாத பெட்டிகளில் அடைத்து விமானத்தில் ஏற்றுகிறார்கள். மதுரைப் பக்கத்து மல்லிகையும், நிலக்கோட்டைச் சந்தையின் பூவும் இப்படித்தான் கடல் தாண்டுகின்றன. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், நம் ஊர்க் கோயில் வாசல் போலவே சரமும் மாலையும் தொங்கும் கடைகளைப் பார்க்கலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் அப்படியே.

ஆனால், அது மொத்த வியாபாரம். பல்லாவரத்து அம்மாள் மூன்று முழம் மல்லிகையை வாழையிலையில் சுற்றி, டல்லாஸில் இருக்கும் பெண்ணுக்குப் பார்சல் அனுப்ப முடியுமா? முடியாது. போய்ச் சேருவதற்குள் பூ கறுத்துவிடும். கறுக்காவிட்டாலும் சுங்கச் சாவடியார் விடமாட்டார்கள். பூவோடு பூச்சியும் நோயும் தங்கள் நாட்டுக்குள் புகுந்துவிடக் கூடாதே என்று எல்லா நாட்டாருக்கும் பயம். செடி கொடிகளுக்கென்று தனிச் சோதனைகளும் சட்டங்களும் வைத்திருக்கிறார்கள்.

பின்னே என்னதான் வழி?

பெர்லின் கடைக்காரரின் உபாயம்

பழைய நாளில் கல்யாண வீடுகளுக்கு வாழ்த்துத் தந்தி வருமே, நினைவிருக்கிறதா? தபாலாபீசில் ஆசி வாசகங்களுக்கெல்லாம் எண் போட்ட ஜாபிதா ஒன்று இருக்கும். நாம் எண்ணைச் சொன்னால் போதும். கம்பி வழியே அந்த எண் போகும். அந்த ஊர்த் தபாலாபீசில் வாசகத்தை எழுதி, சேவகரிடம் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே இருந்து ஒரு துண்டுக் காகிதங்கூடப் பிரயாணம் செய்யவில்லை; ஆனாலும் வாழ்த்து போய்ச் சேர்ந்துவிட்டது! 2013 ஜூலையோடு நம் நாட்டில் தந்தி நின்றுவிட்டது. ஆனால், அந்தத் தந்தியின் தந்திரத்தைப் பூக்கடைக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஜெர்மனியில் பெர்லின் நகரத்துப் பூ வியாபாரி மாக்ஸ் ஹூப்னர் என்பவர் 1908-ல் ஓர் ஏற்பாடு செய்தார். வெளியூருக்குப் பூ வேண்டும் என்று வாடிக்கைக்காரர் வந்தால், பூவை ரயிலில் அனுப்பி வாட விடுவானேன்? அந்த ஊர்க் கடைக்காரருக்குச் செய்தி சொல்லி, அவர் கடைப் பூவையே கொடுக்கச் சொன்னால் என்ன? கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். இதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஃபிளூரோப்' என்ற ஸ்தாபனம். 1910-ல் அமெரிக்காவில் சில பூக்கடைக்காரர்கள் கூடி இதே காரியத்தைத் தந்தி மூலம் செய்யச் சங்கம் அமைத்தார்கள். டென்வர் நகரத்து ஜான் வாலன்டைன் அதற்கு முன்னின்றவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் 1946-ல் இந்தச் சங்கங்களெல்லாம் கை கோத்து 'இன்டர்ஃப்ளோரா' ஆயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாட்டுக்கு நாடு நாணயம் வேறு. பெர்லின் கடைக்காரர் லண்டன் கடைக்காரருக்கு எந்தக் கணக்கில் பணம் கொடுப்பது? இதற்காக அவர்கள் 'ஃப்ளூரின்' என்று தங்களுக்குள் ஒரு கணக்கு நாணயமே ஏற்படுத்திக்கொண்டார்கள். சுவிட்ஸர்லாந்து நாணயத்தை ஒட்டி அதன் மதிப்பு நிர்ணயமாயிற்று. ராஜாங்கங்கள்தாம் நாணயம் அடிக்கும் என்று நினைக்கிறோம், பூக்காரர்களும் அடித்திருக்கிறார்கள்!

காலில் இறக்கை கட்டிப் பறக்கும் மெர்க்குரி என்ற ரோமானியத் தூதுத் தேவனை அந்தச் சங்கத்தார் தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். நம் தமிழுக்கு இது புதிதா, என்ன? தூது விடுவதற்கென்றே ஒரு பிரபந்த வகை வைத்திருப்பவர்கள் நாம். அன்னம், மயில், கிளி, மேகம், குயில், தென்றல், வண்டு, நெஞ்சு, தோழி என்று தூது போகிறவர்கள் வரிசையில் 'பூவை'யும் உண்டு. அவசரப்பட்டு மலர் என்று எண்ணிவிடாதீர்கள்; அது நாகணவாய்ப் பறவை! இந்தத் தூதர்களெல்லாம் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டியது எது தெரியுமா? தலைவன் மார்பில் அணிந்த மாலை. தூரத்தில் இருப்பவரின் அன்புக்கு அத்தாட்சி பூமாலைதான் என்று நம் புலவர்கள் என்றோ முடிவு கட்டிவிட்டார்கள்.

படத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று

நம் தேசத்திலும் இந்த வியாபாரம் இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. 1994-ல் டில்லியில் தொடங்கிய 'ஃபெர்ன்ஸ் அண்டு பெட்டல்ஸ்' போன்ற கம்பெனிகள் ஊர் ஊராகப் பூ கொடுக்கின்றன. டல்லாஸில் இருக்கும் பெண் இணையத்தில் படத்தைப் பார்த்துப் பொறுக்கி, அங்கிருந்தே பணம் கட்டிவிடுகிறாள். பல்லாவரத்தில் வாசல் மணி அடிக்கிறது.

சரி, கதவைத் திறந்து பார்த்தால்? சில சமயம் படத்தில் இருந்தது ஒன்று, பெட்டியில் இருப்பது ஒன்று! "ஏமாற்றிவிட்டார்கள்" என்று கோபப்படுமுன் இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பூச்செண்டைக் கட்டுகிறவர் பெரும்பாலும் அந்தப் பெரிய கம்பெனிக்காரர் அல்ல, உள்ளூர்க் கடைக்காரர். நீங்கள் கட்டிய பணத்தில் நடுவில் நிற்பவருக்கு ஒரு பங்கு போக, மீதிக்குத்தான் அவர் பூ வைக்க முடியும். அன்று காலை அவருக்குக் கோயம்பேட்டில் என்ன கிடைத்ததோ, அதைத்தான் வைக்க முடியும்.

கோயம்பேட்டுச் சந்தை 1996-ல் வந்தது. அதற்கு முன் சென்னையின் பூவெல்லாம் பாரிமுனைப் பக்கம் பத்ரியன் தெருவில்தான். அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கே 'பூக்கடை' என்று பெயர் நிலைத்துவிட்டது. எந்தச் சந்தையானாலும், பூ விலை பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் ஏறும். முகூர்த்த நாளா, ஆயுத பூஜையா, பொங்கலா? ஏறிற்று. மார்கழி, தை மாதப் பனியில் மல்லிகை விளைச்சல் குறைந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மழை கொட்டினாலோ, கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது அல்லவா? ஆகாயத்தில் போகிற வண்டிக்கே அந்தக் கதி என்றால், ஜி.எஸ்.டி. சாலையில் பூ ஏற்றி வரும் வண்டி எம்மாத்திரம்!

ஆகவே, பூ அனுப்ப விரும்பும் சகோதரிகள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில், அந்தப் பருவத்தில், எது நன்றாகக் கிடைக்குமோ அதைக் கேளுங்கள். பல்லாவரத்தில் வெளிநாட்டு லில்லி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பழசுதான் வரும். ரோஜாவா? ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது, தாராளமாகக் கேட்கலாம். சம்பங்கி, சாமந்தி, மல்லிகை, முல்லை எல்லாம் உண்டு. 'இந்தப் படத்தில் உள்ளபடியே' என்பதைவிட, 'இன்றைக்கு வந்த புதுப் பூவாக, வாசனை உள்ளதாக' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கடைக்காரருக்கும் நிம்மதி, அம்மாவுக்கும் சந்தோஷம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அம்மா வீட்டுத் தெருமுனையில் பூக்கடை ஒன்று இல்லாமலா போகும்? அந்தக் கடை எண்ணை அக்காவிடமோ, பக்கத்து வீட்டு மாமியிடமோ கேட்டு வாங்கிக்கொண்டு நேரே பேசிவிடலாம். பணத்தை உள்ளூரில் யாராவது கொடுத்துவிட்டால் ஆயிற்று. இதில் பளபளவென்ற காகிதமும் பட்டு ரிப்பனும் கிடைக்காமல் போகலாம். ஆனால், கொடுத்த பணத்துக்கு முழுதும் பூவாக வரும். கம்பெனிக்காரரிடம் முழக்கணக்கு நடக்காது, பூக்காரியிடம் நடக்கும். கை நீளமான பூக்காரியாகப் பார்த்து வைத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்!

விலாசமும் வேளையும்

பூ வாடுவதற்கு வெயிலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: தப்பு விலாசம். பல்லாவரம் என்று எழுதிவிட்டால் போதுமா? இருப்புப்பாதைக்கு மேற்கே பம்மல், கிழக்கே பழைய பல்லாவரம், நடுவே ஜி.எஸ்.டி. சாலை. 2021-ல் இவையெல்லாம் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. ஆனால், பூ கொண்டுவரும் பையனுக்கு மாநகராட்சி தெரிந்து என்ன பிரயோஜனம்? தெரு தெரிய வேண்டும். பின்கோடு எண், தெருப் பெயர், குறுக்குத் தெரு எண், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம், எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்பதுவரை எழுதுங்கள். பக்கத்து வீட்டார் எண் ஒன்றும் கொடுங்கள். வயதானவர்கள் பலர் தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தால் எடுப்பதில்லை. அது நல்ல பழக்கந்தான்!

அடுத்தது வேளை. நியூயார்க்கில் குளிர்காலத்தில் இரவு பத்தரை மணி என்றால், இங்கே மறுநாள் காலை ஒன்பது. அங்கே பொழுது விடிந்து, 'அடடா, இன்றைக்கு அம்மா பிறந்த நாள்' என்று நினைவு வருவதற்குள் இங்கே விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடும். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அம்மா பகலில் கண்ணயரும் நேரத்தையும், கோயிலுக்குப் போகும் நேரத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஆசையாக வந்த பூ பூட்டிய கதவின் முன் நிற்கலாமா?

அம்மாவுக்குப் பூ கூடாதா?

இப்போது எல்லோரும் சொல்லத் தயங்குகிற ஒரு விஷயம். அப்பா காலமாகிவிட்டார், அம்மா தனியாக இருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பூ அனுப்பலாமா?

'பூவும் பொட்டும்' என்று சேர்த்துச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். பிறந்தது முதல் சூடிய பூவைப் புருஷன் போன அன்று ஒரு பெண்ணின் தலையிலிருந்து எடுத்துவிடுவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. தாமே இளம் வயதில் கணவரை இழந்தவரான சகோதரி சுப்புலட்சுமி 1912-ல் சென்னையில் பால விதவைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கி, அவர்களைப் படிக்க வைத்தார். அதற்கு நூறு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. இன்று எத்தனையோ பெண்கள் தயங்காமல் பூச் சூடிக்கொள்கிறார்கள். எத்தனையோ பேர், ஆசை இருந்தும், 'நாலு பேர் என்ன சொல்வார்களோ' என்று பூக்காரியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுகிறார்கள்.

பிறந்த நாளன்று பெண் அனுப்பிய பூச்செண்டு அப்படிப்பட்ட ஒரு தாயின் வீட்டுக்கு வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். அதைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கூடத்தில் ஜாடியில் இருக்கும். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும். வாசனை வரும். வெளிநாட்டு வழக்கம் என்று நாம் பரிகாசம் செய்கிற 'பொக்கே' இந்த ஓர் இடத்தில் நம் வழக்கத்தைவிடக் கருணையுள்ளதாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தாயின் மனம் அறிந்து செய்யுங்கள். சிலருக்கு மல்லிகைச் சரமே அனுப்பலாம். சிலருக்குச் சரத்தைப் பார்த்தால் துக்கம் பொங்கும். அவர்களுக்குச் சம்பங்கிக் கொத்தோ, ரோஜாவோ, பூத்தொட்டியோ நல்லது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூச்செடிகள் கிடைக்கும். பக்கத்தில் இருக்கும் உறவினர் யாராவது ஒரு தொட்டி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சில பெண்கள், 'சுவாமி படத்துக்குப் போடு அம்மா' என்று சாக்குச் சொல்லிப் பூ அனுப்புகிறார்கள். சுவாமிக்குப் பூ அனுப்புவதில் தவறே இல்லை. ஆனால், வருஷத்தில் ஒரு தடவையாவது, 'இது சுவாமிக்கு இல்லை, உனக்குத்தான்' என்று சீட்டில் எழுதிவிடுங்களேன்! தமக்கென்று ஒரு பூ வந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, யார் கண்டார்கள்?

வந்த பூவைக் காப்பாற்ற

ஆசையாக வந்ததை நாலு நாளாவது வைத்திருக்க வேண்டாமா? காம்பு அடிகளை ஓர் அங்குலம் சாய்வாக நறுக்கிவிட்டு ஜாடியில் வையுங்கள். தண்ணீரில் முழுகும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். தினம் தண்ணீரை மாற்றுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழேயும், வெயில் படும் ஜன்னலிலும் வைக்க வேண்டாம். முக்கியமாக, பழத்தட்டின் அருகில் வைக்கவே கூடாது. பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அது பூக்களைச் சீக்கிரம் முதுமையடையச் செய்யும்.

கூடைப் பூச்செண்டின் அடியில் பச்சை நிறத்தில் பஞ்சு போன்ற கட்டி ஒன்று இருக்கும். அது காயாமல் தினம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். பூ முடிந்ததும் அதைச் செடிக்கு எருவாகப் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது, மக்காது. மல்லிகைச் சரமானால் நனைக்காமல் வாழையிலையில் மடித்துக் குளிர்ப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள்.

தினம் ஒரு முழம்

இவ்வளவும் பெண் தாய்க்கு அனுப்புவது பற்றி. தாயும் பெண்ணுக்கு அனுப்பலாம். டல்லாஸிலும் பூக்கடை உண்டு. பிள்ளை பெற்று வீட்டில் இருக்கும் மகளுக்கு இங்கிருந்தே சொல்லி, அங்கே பூ கொடுக்க வைக்கலாம். பேரனிடம் கைபேசியைக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் செய்து தருவான்.

ஆனால், வருஷத்துக்கு ஒரு தடவை வரும் ஆயிரம் ரூபாய்ப் பூச்செண்டைவிட மேலான ஏற்பாடு ஒன்று உண்டு. அம்மா வீட்டுத் தெருவில் பூக்கூடையோடு வரும் பூக்காரம்மாளிடம், தினம் ஒரு முழம் கொடுத்துவிட்டுப் போகும்படி சொல்லி, மாதம் பிறந்ததும் பணம் சேரும்படி செய்துவிடுங்கள். சாயங்காலம் ஆனால், "அம்மா, பூ!" என்று வாசலில் ஒரு குரல் கேட்கும். இரண்டு வார்த்தை பேச்சு நடக்கும். மூட்டு வலி எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்கினீர்களா என்று விசாரிப்பார். நீங்கள் அக்கரையிலிருந்து கேட்டால், "எனக்கென்ன, நன்றாய்த்தான் இருக்கிறேன்" என்று மழுப்பும் அம்மா, பூக்காரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்! உங்கள் கைபேசி எண்ணையும், பக்கத்து வீட்டார் எண்ணையும் அவரிடம் கொடுத்து வையுங்கள். என்றாவது ஒரு நாள் இரண்டு தடவை கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை என்றால், பக்கத்து வீட்டைத் தட்டி, "என்னவோ தெரியவில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று முதலில் சொல்லப்போகிறவர் அவராகத்தான் இருப்பார்.